அறுபத்து மூன்று குறைகள்

கட்டட ஆய்வாளருக்கு ஊரில் நண்பர்கள் குறைவு. புதிதாக வீடு கட்டியவர்கள் அவர் கையெழுத்து இல்லாமல் குடிபோக முடியாது. அவரோ லேசில் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவார். கதவை மூன்று தரம் திறந்து மூடுவார். குளியலறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குந்தி உட்கார்ந்து பார்ப்பார். அப்புறம் காதில் செருகிய பென்சிலை அவர் கையில் எடுத்தால் போதும், கட்டியவன் கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடத் தயாராகிவிடுவான்.

எழுதுவதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒவ்வொரு குறைக்கும் ஒரு எண். அதன் பக்கத்தில், "காணப்பட்டது. சரிசெய்யப்பட வேண்டும்." பட்டியலின் அடியில் மறு ஆய்வுக்கு ஒரு தேதி. அந்தத் தாளை அந்த வீட்டு வாசற்கதவிலேயே ஒட்டிவிட்டு வந்துவிடுவார். மழையோ காய்ச்சலோ, சொன்ன தேதிக்கு அதே வாசலில் நிற்பார். அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்கள்கூட இந்த ஒன்றை ஒப்புக்கொள்வார்கள். மனுஷன் 'இல்லை' என்று சொல்லிவிட்டு ஓடிப்போகிறவர் இல்லை, திரும்பி வருவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் கம்பெனியில் ஐந்து வருடம் நல்ல பெயரோடு வேலை பார்த்தாள். ஒரு நாள் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கூடப் படித்த தோழி ஒருத்தியோடு சேர்ந்து வீடியோ கேம் செய்யக் கிளம்பிவிட்டாள். தோழிக்குச் சுருட்டை முடி, வீட்டில் எல்லோருக்கும் அவள் சுருட்டைதான். சுருட்டை படம் வரைவாள், மகள் அதற்கு உயிர் கொடுப்பாள். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு அறை வாடகைக்கு எடுத்து இரண்டு வருடம் அடைகாத்தார்கள். ஆய்வாளர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தார்.

முடிக்கும் முன்பே விற்கப் போகிறார்கள் என்பதுதான் அவருக்கு ஒத்துவரவில்லை.

"ஏழு தீவுல மூணுதான்பா ரெடி," என்றாள் மகள், சாப்பிட்டுக்கொண்டே. "தபால்காரன் படகுல போய்த் தீவு தீவா லெட்டர் குடுக்கற கேம். இப்பவே விளையாடலாம். இப்ப வாங்கறவங்களுக்கு விலை கம்மி. எது சரியில்லன்னு அவங்க சொல்வாங்க, நாங்க சரிபண்ணிக்கிட்டே மிச்சத்தையும் கட்டுவோம். எர்லி ஆக்ஸஸ்னு பேரு."

"கூரை போடறதுக்கு முன்னாடி ஆளைக் குடிவைக்கறீங்க."

"முடியலன்னு பெரிய எழுத்துல போட்டுத்தான் விக்கறோம். யாரையும் ஏமாத்தல."

"கடைசி வரைக்கும் முடியாமலே போயிட்டா?"

மகள் குழம்பை ஊற்றிக்கொண்டாள். அப்படியும் நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளே ஆசையாக வாங்கிய இரண்டு விளையாட்டுகளைச் செய்தவர்கள் பாதியில் போட்டுவிட்டுக் காணாமல் போயிருக்கிறார்கள். யோசிக்கும்போது மோவாய்க்கு அடியில் இருக்கும் தழும்பைத் தடவுவது அவள் வழக்கம். இப்போதும் தடவினாள். ஆய்வாளர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அந்தத் தழும்பு அவர் கணக்கில் சேர்ந்தது. மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது, கட்டி முடியாத குடியிருப்பில் அவசரப்பட்டுக் குடியேறினார்கள். படிக்கட்டுக்குக் கைப்பிடி போடவில்லை. அடுத்த வாரம் வந்துவிடும் சார் என்றான் கட்டியவன். ஆய்வாளர் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த புதிது, இளம் ரத்தம், நம்பினார். அடுத்த வாரம் வருவதற்குள் குழந்தை ஏழாவது படியிலிருந்து கீழே போய்விட்டது. மூன்று தையல். அன்றிலிருந்து கைப்பிடி இல்லாத படிக்கட்டைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். வேலை முடியாத எதற்கும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

விளையாட்டு விற்பனைக்கு வந்த அன்று முதல் ஆளாக வாங்கியவள் அவர் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், மதிய இடைவேளையில் கைபேசியிலேயே வாங்கி, விளையாடிக்கூடப் பார்க்காமல் விமர்சனமும் எழுதிவிட்டாள்: "மிக மிக நன்று. செய்தது என் மகள்." இணையக் கடையில் ஒவ்வொரு விமர்சனத்துக்கும் கீழே, பயனுள்ளது என்று மற்றவர்கள் அழுத்த ஒரு பொத்தான் உண்டு. அதை ஒருவர்கூட அழுத்தவில்லை. மகள்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவதாக வாங்கியவர் ஆய்வாளர். யாரிடமும் மூச்சு விடவில்லை. கணக்குத் தொடங்கும்போது ஒரு புனைபெயர் கேட்டது. கொத்தனார்கள் தளம் சமமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் ரசமட்டம் மேசைமேல் கிடந்தது. ரசமட்டம் என்றே போட்டார். இதற்குத் தன் சொந்தப் பெயரையே போட்டிருக்கலாம். ஆனால் ரகசியம் காப்பதில் தான் பெரிய கில்லாடி என்று அவருக்கு நினைப்பு.

ஒரு சனி, ஒரு ஞாயிறு, பகல் முழுக்க விளையாடினார். மனைவி எட்டிப் பார்த்தால் ஆபீஸ் வேலை என்பார். முதல் ஒரு மணி நேரம் படகைச் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கை பழகிவிட்டது. துடுப்பு தண்ணீரில் இறங்கும் சத்தம், கரையில் கையசைக்கும் மனிதர்கள், லெட்டரைப் பிரித்துப் படித்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்ட ஒரு பெண். எல்லாம் அவருக்குப் பிடித்திருந்தது. தன் மகளுக்கு இப்படியெல்லாம் யோசிக்க வருமா என்று ஒரு இடத்தில் துடுப்பை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று தீவுகளுக்கு அப்பால் வெள்ளைப் பனிமூட்டம். அதற்குள் படகை விட்டால் ஒரு பலகை வந்தது: "இங்கே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்."

பிடித்துப்போனதால் மனம் இளகிவிடுமா என்ன. பென்சிலை எடுத்தார்.

1. இரண்டாம் தீவு, தபால் அலுவலகம். படிக்கட்டின் இடப்பக்கம் கைப்பிடி இல்லை. வலப்பக்கக் கைப்பிடி ஆளின் இடுப்புக்கும் கீழே. இதைத் திரையில் ஸ்கேல் வைத்து அளந்து எழுதினார். 7. ஒன்பதாவது படி மற்றவற்றைவிட உயரம். 31. மழை வீட்டுக்குள்ளும் பெய்கிறது. 40. பூங்காவில் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கீழே பெஞ்சு இல்லை. 58. பையில் ஐந்தாம் தீவுக்கு ஒரு லெட்டர் இருக்கிறது, ஐந்தாம் தீவு இல்லை. பத்தொன்பதாவதைச் சிவப்பில் எழுதினார்: மழை பெய்யும்போது விளையாட்டைச் சேமித்து மூடினால், மறுபடி திறக்கையில் பையில் உள்ள லெட்டர் எல்லாம் காணோம். தற்செயலா என்று பார்க்கப் பதினொரு தடவை மூடித் திறந்து, பதினொன்றுக்கும் நேரம் குறித்து வைத்தார்.

மொத்தம் அறுபத்து மூன்று. அடியில், "மறு ஆய்வு: ஒரு மாதத்தில்."

இதை மகளிடம் நேரில் கொடுத்திருக்கலாம். ஆனால் தெரிந்தவர் என்பதற்காகக் காதோடு காதாகச் சொல்லி முடிக்கிற பழக்கம் அவர் தொழிலில் கிடையாது. தாளை வாசற்கதவில் ஒட்ட வேண்டும். அந்த விளையாட்டுக்கு வாசற்கதவு கடைப் பக்கம்தான் என்று முடிவு செய்து விமர்சனப் பகுதியில் ஒட்டிவிட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டது. இதைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா? ஆம், இல்லை. நடுவில் ஒன்றும் இல்லை. வேலை முடியாத வீட்டைப் பற்றி எத்தனையோ வருடமாக அவரிடம் இதே கேள்விதான். கை தானாக 'இல்லை'க்குப் போனது.

வீட்டுக் கதவில் ஒட்டிய தாளைக் கட்டியவன் படிப்பான், போகிற வருகிற இரண்டு பேர் படிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வேலை நடக்கும். ஊரெல்லாம் கூடும் கடைவாசலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று ஆய்வாளருக்குத் தெரியவில்லை. உலகம் தெரியாத மனுஷன் இல்லை, இந்த உலகம் தெரியாத மனுஷன். அவ்வளவு நுணுக்கமான விமர்சனத்தை அந்தக் கடையில் யாரும் கண்டதில்லை போலிருக்கிறது. ஒரே வாரத்தில் ஆயிரத்து இருநூறு பேர் பயனுள்ளது என்று அழுத்தினார்கள். விளையாட்டின் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 'இல்லை'யும் அதன் கீழே அறுபத்து மூன்று குறைகளும்தான். வாங்க வந்தவர்கள் படித்துவிட்டு, முடியட்டும் பார்க்கலாம் என்று நகர்ந்தார்கள். அவர்கள் செய்ததும் தப்பில்லை.

இரண்டாவது வாரம் மகளின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஒரே ஒரு ரிவ்யூம்மா," என்றாள் அம்மாவிடம். "அதுக்கப்புறம் விற்பனை படுத்துடுச்சு."

"எவன்டி அவன்? வேற வேலவெட்டி இல்லாதவனா இருப்பான்," என்றாள் அம்மா. "கைல கிடைச்சான்னா நாலு கேள்வி கேக்கலாம்."

கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் தண்ணீர் கேட்டார்.

அன்றிலிருந்து அவர் அந்த விளையாட்டை ஆடவில்லை. கடைப் பக்கத்தைத் திறந்தால் தன் எழுத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அழித்துவிடலாம் என்று ஒரு நாள் விரலை வைத்தார். எழுதிய அறிக்கையைக் கிழிப்பதைப் போன்ற அயோக்கியத்தனம் அவர் கண்ணில் வேறு இல்லை, விரலை எடுத்துவிட்டார். 'ஆம்' என்று மாற்றிவிடலாம் என்று இன்னொரு நாள் வைத்தார். அறுபத்து மூன்றும் அப்படியே இருக்க 'ஆம்' என்றால் பொய் ஆகாதா. அதையும் எடுத்தார். மறு ஆய்வுத் தேதி வந்தது. அன்று சாயங்காலம் முழுக்கச் சமையலறைக் குழாயைக் கழற்றிச் சும்மா மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். தேதி போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாசலுக்குப் போகாமல் இருந்தார், அதுவும் பெற்ற பெண்ணின் வாசலுக்கு.

இன்னும் மூன்று வாரம் கழித்து மகள் சொன்னாள்: "இந்த மாசம் வரைக்கும் பாப்போம். இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிட்டு, பழைய கம்பெனில திரும்ப எடுத்துப்பாங்களான்னு கேக்கணும்."

"அப்ப வாங்கினவங்க?" என்று கேட்டுவிட்டார் ஆய்வாளர்.

"அவங்களுக்கு மூணு தீவுதான்பா. நான் ஏமாந்த மாதிரி அவங்களும்." அவள் எழுந்துகொண்டாள். "அதுதான் தாங்கல."

மறுநாள் சனிக்கிழமை. மகள் மதியச் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போய்விட்டாள். மனைவி அதை அவர் கையில் திணித்தாள்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. ரெண்டு வருஷமா அந்த ரூம் எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது போய்ப் பாத்தீங்களா?"

பார்த்ததில்லை. முடித்த பிறகு பார்க்கலாம் என்றுதானே இருந்தார்.

சைக்கிள் கடைக்குப் பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு. மேலே கதவு திறந்திருந்தது. இரண்டு மேசை, கம்பளம் விரித்த தரை, ஜன்னல் ஓரம் காயப்போட்ட டீக் கோப்பைகள். சுருட்டை காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து, "வாங்க அங்கிள்," என்றவள், மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் கீழ போய் டீ குடிச்சுட்டு வரேன்," என்று நழுவிவிட்டாள்.

எதிர்ச்சுவரில் மூன்று தாள் ஒட்டியிருந்தது. ஆய்வாளர் கிட்டே போய்ப் பார்த்தார். அவருடைய பட்டியல். பெரும்பாலான வரிகளின்மேல் ஒரு கோடு, பக்கத்தில் முடித்த தேதி. பத்தொன்பதாவதைச் சுற்றி வட்டம் போட்டுச் சுருட்டை ஒரு சிரிக்கும் படகு வரைந்திருந்தாள். கடைசி வரியில் கோடு இல்லை. "மறு ஆய்வு: ஒரு மாதத்தில்." அதன் கீழே மகளின் கையெழுத்தில் ஒரு தேதி. மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

டப்பாவைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"எப்பத் தெரியும்?"

"முதல் வரியிலயே," என்றாள் மகள். "ஒரு கேம்ல படிக்கட்டுக் கைப்பிடிய ஸ்கேல் வெச்சு அளக்கற ஆளு உலகத்துல எத்தன பேர்ப்பா இருப்பாங்க? போதாக்குறைக்கு ரசமட்டம்னு பேரு."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"உன் பொழப்புல மண்ணப் போட்டுட்டேன்மா."

"போட்டீங்க. நிஜமாவே போட்டீங்க, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த பத்தொம்போதாவது இருக்கே, மழையில லெட்டர் காணாமப் போறது, அத நாங்க ராத்திரி பகலாத் தேடிக்கிட்டு இருந்தோம். வாங்கின எல்லாரும் 'லெட்டர் காணோம்'னு கத்தினாங்க. மழையில மட்டும்தான்னு நேரம் போட்டு எழுதினது நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கு சாயங்காலமே பிடிச்சுட்டோம்." அவள் மோவாய்த் தழும்பைத் தடவினாள். "'இல்லை'ன்னு போட்டதுக்கு எனக்கு வருத்தம் கிடையாதுப்பா. கட்டறவங்க எத்தன பேருக்கு நீங்க 'இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. அவங்க எல்லார் வீட்டுக்கும் சொன்ன தேதிக்குத் திரும்பிப் போனீங்க. நீங்க போட்ட தேதியன்னிக்கு நானும் சுருட்டையும் இந்த ரூமப் பெருக்கி வெச்சு, பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தோம். ஆன்லைன்ல வருவீங்களா, நேர்ல வருவீங்களான்னு பந்தயம்கூட கட்டினோம். என் வீட்டுக்கு மட்டும் நீங்க வரல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இத்தனை வருடத்தில் எத்தனை பேர் அவரை எத்தனை சொல்லித் திட்டியிருக்கிறார்கள், ஒன்றும் உள்ளே இறங்கியதில்லை. இது இறங்கியது.

டப்பாவை மேசைமேல் வைத்தார். காதில் கையை வைத்துப் பார்த்தார், பென்சில் இருந்தது. சுவரிலிருந்த தாள்களைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு, மகளின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திற," என்றார்.

நாற்பத்தாறு இடத்தில் கோடு போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். தபால் அலுவலகப் படிக்கட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினார். இரண்டு பக்கமும் கைப்பிடி, ஆளின் இடுப்புக்குச் சரியாக. அங்கே மட்டும் எதையும் எழுதாமல் கொஞ்சம் நின்றார். பூங்காப் பெரியவருக்குப் பெஞ்சு வந்திருந்தது. மழைக்காகக் காத்திருந்து, பெய்ததும் மூடித் திறந்தார். லெட்டர் பத்திரமாக இருந்தது. அதையும் பதினொரு தடவை. சுருட்டை டீயோடு திரும்பி வந்து, சுவரோரம் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏழாவது சரியாகல," என்றார் ஒரு இடத்தில். "ஒன்பதாவது படியக் குறைச்சுட்டு பத்தாவத ஏத்திட்டீங்க."

"ஐயோ," என்றாள் சுருட்டை. மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அவர் வீட்டில் கேட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது.

நாற்பத்தாறில் நாற்பத்து நான்கு தேறியது. இரண்டைத் திருப்பி அனுப்பினார். மீதியோடு சேர்த்துப் பாக்கி பத்தொன்பது. ஐந்தாம் தீவு லெட்டர் இன்னும் பையிலேயே இருந்தது.

பழைய அறிக்கையை அழிக்காமல், அதற்கு மேலே புதிதாக எழுதினார். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எழுதியதால் ஒரு மணி நேரம் ஆனது. "மறு ஆய்வு. மூன்று வாரம் தாமதம், தவறு ஆய்வாளருடையது. செய்தவர் என் மகள், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாற்பத்து நான்கு குறைகள் சரிசெய்யப்பட்டிருப்பது நேரில் காணப்பட்டது. பத்தொன்பது பாக்கி, பட்டியல் கீழே. ஏழு தீவில் மூன்றுதான் இருக்கிறது. முழு வீடு வேண்டும் என்பவர்கள் இப்போது வாங்காதீர்கள், காத்திருங்கள். வரப்போகிறது என்று சொல்வதை நம்பி வாங்காதீர்கள். இன்று இருப்பது உங்களுக்குப் போதுமா என்று பார்த்து வாங்குங்கள். கட்டும்போது கூட நின்று, கோணலைச் சுட்டிக்காட்டும் பொறுமை உள்ளவர்கள் வரலாம். சொன்னால் காதில் வாங்குகிறார்கள்."

அடியில் அதே கேள்வி. ஆம், இல்லை.

"எனக்காக மாத்தாதீங்கப்பா," என்றாள் மகள். "அப்படி மாத்தினா எனக்கு அது வேண்டாம்."

"உனக்காக இல்ல. இத்தன வருஷத்துல முதல் சுத்துல நாப்பத்தி நாலு முடிச்ச ஆள நான் பாத்ததில்ல." 'ஆம்' என்பதை அழுத்தினார்.

அதனால் உடனே ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. அன்று சாயங்காலம் கிளம்பும்வரை நான்கு பேர் வாங்கியிருந்தார்கள். ஒருவர், அப்பா சொல்வதை எப்படி நம்புவது என்று கீழே கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான் என்றார் ஆய்வாளர். அறைக்கு இன்னொரு மாதம் வாடகை கட்டிப் பார்ப்பது என்று பெண்கள் இருவரும் முடிவு செய்தார்கள். அதற்கு அடுத்த மாதம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

இறங்கும்போது இரும்புப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆட்டிப் பார்த்தார். இரண்டு போல்ட் கழன்றிருந்தது. ஏறும்போது டப்பாவும் குற்ற உணர்ச்சியுமாக ஏறியதில் கவனிக்கவில்லை.

"இதுல தினமும் ஏறி இறங்கறீங்களா?" என்று மேலே பார்த்துக் கேட்டார். "எழுதிக்கோ. அறுபத்தி நாலு."

மகள் வாசலில் சாய்ந்து நின்றாள். "தேதி?"

"நாளைக்குக் காலைல. ஒம்பது மணி."

மறுநாள் எட்டே முக்காலுக்கு மகளும் சுருட்டையும் வந்தபோது, ஆய்வாளர் ஏழாவது படியில் முட்டிபோட்டு உட்கார்ந்து, வாயில் ஒரு போல்ட்டும் கையில் ஸ்பேனருமாக முறுக்கிக்கொண்டிருந்தார்.